நான் பேசாத நூறாவது நாடு

திரையின் மூலையில் நூறு என்று இருந்தது.

காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அது தொண்ணூற்றொன்பது. செருப்பை மாட்டிக்கொண்ட பிறகு மறுபடி கழற்றிவிட்டு, மாடிப்படி அறைக்குப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். என்னவோ நான் பார்க்காத நேரத்தில் அது கூடிவிடும், குறைந்துவிடும் என்பதுபோல ஒரு பதைப்பு.

சாயங்காலம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி, சிட்லபாக்கம் ஏரிக்கரை வழியாக மூச்சிரைக்க நடந்து வந்து, தோள் பையைக்கூட இறக்காமல் அறைக்குள் நுழைந்தால், கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் நூறு.

பக்கத்தில் என் வீட்டுக்காரர் கிருபாகரன் நின்றுகொண்டிருந்தார். வாயெல்லாம் பல். கையில் மைசூர்பாகு டப்பா.

"பார்த்தியா?" என்றார். குரல் கம்மிப்போயிருந்தது.

"பார்த்தேன். எப்படி?"

"வந்துடுச்சு, அவ்வளவுதான். முதல்ல வாயைத் திற."

ஒரு துண்டை வாயில் திணித்தார். நான் மெல்லவில்லை. குனிந்து திரையில் கடைசி வரியைப் படித்தேன். என் கால்சைன், பசிபிக் சமுத்திரத்தில் ஒரு தீவு, நம்மூர் மதியம் மூன்று மணிக்குச் சரியான சர்வதேச நேரம். மூன்று மணிக்கு நான் பல்லாவரத்தில் எட்டாம் வகுப்பு பி பிரிவுக்கு இயற்கணிதம் நடத்திக்கொண்டிருந்தேன்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு

போன வாரம் தென்னை மரத்தில் ஆன்டெனா கட்டிய கதையை எழுதியதும், "ஹாம் ரேடியோவில் பாட்டு வருமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பாட்டு வராது சார். நாம் பேசலாம். அதுதான் விசேஷமே.

பரீட்சை எழுதி, மோர்ஸ் தந்தியைக் காதால் கேட்டு எழுதிக் காட்டிப் பாஸ் செய்தால் சர்க்கார் லைசென்ஸ் கொடுக்கும். கூடவே ஆளுக்கொரு கால்சைன். எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர் அது. உலகத்தில் அந்தப் பெயர் ஒருவருக்கு மட்டும்தான். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாது என்று அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்ததே, இங்கே அது இரண்டு பக்கத்துக்கும் சட்டம். என் கால்சைனை அவர் தன்னுடையதாகச் சொல்லிப் பேசக்கூடாது, அவருடையதை நானும் கூடாது.

யாரோ ஒருவர் உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து பதில் சொன்னால் நோட்டில் எழுதிக்கொள்வோம். பிறகு தபாலில் ஒரு கார்டு வரும், 'ஆமாம், நாம் பேசினோம்' என்று. நூறு நாடுகளிலிருந்து அப்படிக் கார்டு வாங்கினால் ஓர் அவார்டு உண்டு. கண்ணாடி போட்டு மாட்டுகிற ஒரு காகிதம்தான். அதில் நம் கால்சைனும் பெயரும் அச்சாகியிருக்கும்.

அந்தக் காகிதம் எனக்கு வேண்டும். வேண்டுமென்றால் சாதாரணமாக இல்லை. இட்லி வேகிறவரைக்கும் மூடியைத் திறக்காமல் இருக்கத் தெரியாதவள் நான். அப்படிப்பட்டவள் வருஷக்கணக்காக ஒரு காகிதத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாரு ரேடியோ?

எண்பதுகளின் நடுவில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பரீட்சைக்குப் படித்தோம். மோர்ஸில் நான் முதல் தடவையே பாஸ். அவர் இரண்டாவது தடவை. இதை அவர் எதிரில் சொன்னால் "அன்னைக்கு எனக்கு ஜலதோஷம்" என்பார். காதால் கேட்கிற பரீட்சைக்கு மூக்கில் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ரேடியோ ஒன்றுதான். பாதி பாகங்கள் ரிச்சி தெருவில் வாங்கியவை, மீதி பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கோணிமேல் கொட்டி வைத்திருந்ததில் பொறுக்கியவை. ஒரு நாள் அவர் உட்காருவார், ஒரு நாள் நான். பள்ளிக்கூடம் விட்டு வந்து உலையை வைத்துவிட்டு உட்கார்ந்தால் குக்கர் விசில் மைக்கில் கேட்டு, ஃபின்லாந்துக்காரர் ஒருவர் அது என்ன சத்தம் என்று விசாரித்திருக்கிறார்.

ஆனால் ஊருக்கு அது அவர் ரேடியோ. நான் பேசும்போதெல்லாம் அடுத்த வீட்டு டிவியில் படம் கெடும். கோமதி அக்கா மதில்மேல் எட்டிப் பார்ப்பாள்.

"இன்னா வசந்தி, உன் வூட்டுக்காரர் ரேடியோ போட்டுகினு கீறாரா? டிவில ஒரே கோடு கோடா வருது. சிவாஜி மூஞ்சியே தெரியல, பேஜாரா கீது."

"இல்லக்கா, நான்தான் பேசிட்டிருக்கேன்."

"அட, நீயும் பேசுவியா? சரி, அவரண்ட சொல்லி நிறுத்தச் சொல்லு."

கோமதி அக்காவை விடுங்கள். லைசென்ஸ் வாங்கிய ஆட்களே அப்படித்தான். ஆகாயத்தில் என் குரல் கேட்டதும் நல்லபடியாக வணக்கம் சொல்லிவிட்டு, "சார் இருக்காரா? கொஞ்சம் மைக்கைக் கொடுங்களேன்" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சார் இருக்கிறார், குளித்துக்கொண்டிருக்கிறார், உங்களுக்கு நான் போதாதா என்று ஒருநாள் கேட்டே விட்டேன். எதிரில் ரொம்ப நேரம் இரைச்சல் மட்டும்தான் வந்தது.

அதனால்தான் அந்தக் காகிதம். என் பெயர் மட்டும் போட்டு, எனக்கே எனக்கென்று ஒன்று.

ஃபிளாப்பியில் வந்தது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இவர் ஆபீசில் கழித்துக்கட்டிய ஒரு பழைய கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது. காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி லேபில் வேலை பார்த்த டேவிட் சார் எங்கள் நண்பர், அவரும் ஹாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு ஃபிளாப்பியை எடுத்துக் கொடுத்தார்.

"மேடம், இனிமே நோட்டைப் புரட்ட வேணாம். ஒவ்வொரு காண்டாக்டையும் இதுல அடிச்சிட்டே வாங்க. எந்த நாடு முடிஞ்சுது, எந்த நாடு பாக்கி, எல்லாம் அதுவே சொல்லும்."

சர்க்காருக்குக் காட்ட நோட்டு வேண்டும், அது தனி. ஆனால் பழைய நோட்டுகள் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலையை இவர் எடுத்துக்கொண்டார். எனக்கு விடைத்தாள் திருத்தவே நேரம் போதாது. ஆபீஸ் விட்டு வந்ததும் ஒரு விரலால் தட்டுவார். நடுவில் கரண்ட் போகும். அடித்தது அத்தனையும் போகும். மறுபடி முதலிலிருந்து. மழைக்காலம் முழுக்க இந்தக் கூத்து நடந்தது.

நான் சும்மா இருப்பேனா? தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டே வந்து வந்து எட்டிப் பார்ப்பேன். "எவ்வளவு ஆச்சு? எவ்வளவு ஆச்சு?" நாடுகளின் எண்ணிக்கை மூலையில் தானாக ஏறும். எழுபது. எண்பது. தொண்ணூறு.

ஒருநாள் நூற்றையே தாண்டிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். உடனே தாம்பரம் போய் அல்வா வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தோம். கோமதி அக்கா தின்றுவிட்டு, "உங்க வூட்டுக்காரர் கெட்டிக்காரர்மா" என்றாள்.

அடுத்த ஞாயிறு டேவிட் சார் வந்தார். திரையைப் பார்த்தார். நாடியைத் தடவினார்.

"சார், இதுல யார் கால்சைன் போட்டீங்க?"

"முதல்ல ஒரு தடவை கேட்டுது. என்னோடதைப் போட்டேன்."

"சரி. எந்த நோட்டை ஏத்தினீங்க?"

"ரெண்டையும்தான்," என்றார் இவர். "வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்தானே?"

டேவிட் சார் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். இவர் அல்வாத் தட்டைப் பார்த்தார்.

ரேஷன் கார்டு மாதிரி குடும்பத்துக்கு ஒன்று என்று நினைத்துவிட்டார் மனிதர்! அவர் பேசிய நாடுகள், நான் பேசிய நாடுகள் எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டி, அவர் பெயரில் நூறாக்கியிருக்கிறார். கார்டுகளைக் கட்டிலில் கொட்டினோம். அவர் கால்சைன் போட்டது ஒரு பக்கம், என் கால்சைன் போட்டது ஒரு பக்கம். எனக்கு எண்பது சொச்சம். அவருக்கு அறுபது சொச்சம். நூறு என்று யாருக்கும் இல்லை.

"இப்ப என்ன, கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு, அவ்வளவுதானே?" என்றார்.

"நீங்க பேசாதீங்க," என்றேன். அன்று ராத்திரி சமையலும் இல்லை. மிச்ச அல்வாவைத் தின்றுவிட்டுப் படுத்தார்.

டேவிட் சார்தான் பிறகு கம்ப்யூட்டரில் அவருக்குத் தனி, எனக்குத் தனி என்று பிரித்துக் கொடுத்தார். என்னுடையதைத் திறந்தால் என் கால்சைன் மேலே வரும். வெறும் எண்பது சொச்சம் என்றாலும் அதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரத்தான் செய்தது.

சூரியன் காட்டிய கை

இனி என்ன, மீதியையும் பேசி முடித்துவிடலாம் என்று நினைத்தால், அங்கேதான் சூரியன் குறுக்கே வந்தது.

சூரியனில் புள்ளிகள் உண்டு. சுமாராகப் பதினோரு வருஷத்துக்கு ஒரு முறை அவை பெருகிப் பிறகு குறையும். பெருகியிருக்கும்போது எங்கள் தென்னை மரக் கம்பியிலிருந்து கிளம்புகிற குரல் உலகத்தையே சுற்றும். குறைந்துவிட்டால் அதே கம்பி, அதே குரல், எங்கேயும் போய்ச் சேராது. நாங்கள் லைசென்ஸ் வாங்கிய சில வருஷத்தில் உச்சத்துக்குப் போன சூரியன், நான் எண்பது சொச்சத்தில் நின்றபோது இறங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஏது நிம்மதி? விடியற்காலை எழுந்து பல் தேய்க்குமுன் ரேடியோ. ரயிலில் உட்கார்ந்தால் பாக்கியுள்ள நாடுகளின் பெயர்கள் வாய்க்குள் ஓடும். வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே வெயிலை முறைப்பேன். "டீச்சர், சைன் மாத்திப் போட்டுட்டீங்க" என்று பிள்ளைகள் சொல்வார்கள். இந்த வருஷம் விட்டால் அடுத்த உச்சத்துக்கு எத்தனை வருஷம்? அதுவரை எனக்குப் பொறுமை இருக்காது என்பது எனக்கே தெரியும்.

ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ஆப்பிரிக்காவில் இரண்டு, கரீபியனில் ஒன்று, எங்கேயோ குளிர்த் தீவு ஒன்று. ஒவ்வொன்றையும் நானே கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். மூலையில் எண் மாறுகிற அந்தக் கணத்துக்காக மறுபடி மறுபடி வெளியே வந்து உள்ளே போவேன். இவர் ஒன்றும் சொல்ல மாட்டார். தன் முறையையும் எனக்கே விட்டுக்கொடுத்துவிட்டார். "நீ முடி முதல்ல" என்பார். நல்ல மனிதர். அதில் எனக்கு எப்போதும் சந்தேகம் வந்ததில்லை.

தொண்ணூற்றொன்பதில் வந்து நின்றது. மாதக்கணக்கில் நின்றது.

அப்போதுதான் ஒரு செய்தி வந்தது. பசிபிக்கில் ஆளே இல்லாத ஒரு தீவு, எங்கள் ஹாம் கணக்கில் அதுவும் ஒரு நாடு. வெளிநாட்டு ஹாம்கள் சிலர் படகில் ரேடியோவைக் கொண்டுபோய் ஒரு வாரம் மட்டும் அங்கிருந்து பேசப் போகிறார்கள். எனக்கும் இல்லாத நாடு, இவருக்கும் இல்லாத நாடு. சென்னையிலிருந்து அங்கே குரல் போய்ச் சேர வழி திறப்பது மதியம் இரண்டரைக்கு மேல் கொஞ்ச நேரம்தான். அந்த நேரம் நான் வகுப்பில் இருப்பேன்.

லீவு கேட்டேன். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன் வாரம். தலைமையாசிரியை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்ன காரணம்?"

"ஒரு தீவோட பேசணும் மேடம்."

"உடம்பு சரியில்லைன்னா சொல்லும்மா, பரவாயில்லை," என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. சனிக்கிழமைக்காகக் காத்திருந்தேன். அந்தச் சனிக்கிழமை வழி திறந்திருந்த நேரம் முழுக்கக் கத்தினேன். உலகமே ஒரே நேரத்தில் அந்தத் தீவைக் கூப்பிட்டது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்தவரைக் கூப்பிடுகிற மாதிரிதான். என் குரல் அவர்கள் காதில் விழவேயில்லை. ஞாயிறு கரண்ட் இல்லை. திங்கள் பள்ளிக்கூடம். செவ்வாய் காலை அவர்கள் படகு ஏறிவிடுவார்கள்.

மைசூர்பாகு

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம்தான் திரையில் நூறு.

வாயிலிருந்த மைசூர்பாகை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனசில்லை. விழுங்கிவிட்டுக் கேட்டேன்.

"நீங்க பேசினீங்களா?"

"மதியமே ஆபீஸ்லேருந்து வந்துட்டேன். ஒரு மணி நேரம் கத்தினேன் வசந்தி. தொண்டை கிழிஞ்சிடுச்சு. ஒரே ஒரு தடவை தீவுக்காரன் என் பக்கம் திரும்பினான். அந்த ஒரு சான்ஸை எனக்குன்னு எடுத்துக்கலை. உன் கால்சைனைத்தான் சொன்னேன்."

"என் கால்சைனை நீங்க எப்படிச் சொல்லலாம்?"

"யாருக்குத் தெரியப் போகுது? அவனுக்கு இருக்கிற அவசரத்துல ஆம்பளைக் குரலா, பொம்பளைக் குரலான்னு பார்த்துட்டா இருப்பான்? கார்டு உன் பேருக்கு வரும்."

"எனக்குத் தெரியும்ல?"

"ரேடியோ நம்மது, ஆன்டெனா நம்மது, வீடு நம்மது..."

"வாய்?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "உனக்காகத்தானே செஞ்சேன்," என்றார்.

எனக்காகத்தான். அதுதான் என்னை எரித்தது. எனக்காகத்தான் எல்லாரும் பேசியிருக்கிறார்கள். காலேஜில் என்ன படிக்கிறாய் என்று என்னைக் கேட்டபோது அப்பா, 'கணக்கு' என்றார். பெண் பார்க்க வந்த அன்று இவரே, இந்தக் கிருபாகரனே, "பொண்ணுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். "சம்மதம்" என்றது என் அண்ணன். சம்மதம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கேட்டது என்னை. யாரும் கெடுதல் நினைத்துப் பேசவில்லை. எல்லாரும் நல்லவர்கள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் பேச முடியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். கடைசி வரிக்குப் போய் அழிக்கிற விசையை அமுக்கினேன். நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்றால் 'ஒய்' எழுத்து, வேண்டாம் என்றால் 'என்' எழுத்து.

"ஏய், ஏய், இரு! என்ன பண்ற? நாளைக்குப் படகு ஏறிடுவாங்க. திரும்ப எப்ப வருவாங்களோ, யாருக்குத் தெரியும்? சூரியன் இருக்கிற நிலைமையில..."

"தெரியும்," என்றேன். ஒய்யைத் தட்டினேன்.

தொண்ணூற்றொன்பது.

அவர் வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். பாவமாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தி, தனக்கும் இல்லாத நாட்டை எனக்கென்று தூக்கிக் கொடுத்தவர். பாலைக் காய்ச்சி, மிளகும் மஞ்சளும் போட்டு டம்ளரைக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

"அந்தத் தீவுக்காரங்களுக்கு எழுதிடுங்க," என்றேன். "பேசினது நீங்கன்னு."

"எழுதறேன்," என்றார். பாலில் ஒரு வாய் குடித்துவிட்டு, "உங்கண்ணன்தான் சொன்னாரா அன்னைக்கு? நீ சொன்னேன்னு இல்ல நினைச்சிட்டிருந்தேன்" என்றார். மனசில் நினைத்ததை நான் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் என்று அதுவரை எனக்கே தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தும் அது எப்படி வெளியே வந்தது என்று இன்னும் யோசிக்கிறேன்.

பள்ளிக்கூடப் புடவையைக்கூட மாற்றாமல் ரேடியோ முன்னால் உட்கார்ந்தேன். வழி மூடிவிட்ட நேரம் என்று தெரியும். இருந்தாலும் தீவுக்காரர்கள் பேசிய இடத்துக்கு டயலைத் திருப்பி, என் கால்சைனைச் சொன்னேன். திரும்பச் சொன்னேன். டம்ளரோடு அவர் வந்து பின்னால் நின்றார். எப்போதும் 'கொஞ்சம் இடப்பக்கம் திருப்பு, சத்தமாச் சொல்லு' என்று சொல்லிக்கொடுப்பவர், அன்று வாயைத் திறக்கவில்லை. இருட்டுகிறவரைக்கும் கூப்பிட்டேன். இரைச்சலைத் தவிர ஒன்றும் வரவில்லை.

அதற்குப் பிறகு சூரியன் தணிந்தது, மறுபடி ஏறியது. அது ஏறுமுன்பே நாங்கள் வீட்டை விற்றுவிட்டு, கம்பி கட்ட அனுமதிக்காத அடுக்குமாடிக்குப் போனோம். அந்தக் காகிதம் எனக்குக் கிடைக்கவேயில்லை. இல்லையே என்று வருத்தமா என்று கேட்டால், ஆமாம், வருத்தம்தான், இன்றைக்கும் சில நாள் தூக்கத்தில் அந்தத் தீவைக் கூப்பிடுகிறேன்.

என் கணக்கு தொண்ணூற்றொன்பது. தொண்ணூற்றொன்பதும் நான் பேசியது.